சராசரித் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. நாடு முழுக்க 15,259 இடங்களில் நிலத்தடி நீரை எடுத்துச் சோதித்த முடிவுகள் அதில் இருந்தன. ஐந்தில் ஒரு மாதிரியில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் 37 விழுக்காட்டுக்கும் மேல் இதே நிலை. ராஜஸ்தான், கர்நாடகாவுக்கு அடுத்த இடம் நமக்கு. நைட்ரேட் பாதிப்பு மிகுந்தவை என்று 15 மாவட்டங்களைத் தனியாகப் பட்டியலிட்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய ஒரே மாவட்டம் விழுப்புரம்.

ரிஷிவந்தியத்தில் இருப்பவர்களுக்கு விழுப்புரம் வேற்றூர் கிடையாது. 2019 நவம்பர் வரை நாம் அந்த மாவட்டம்தான். கள்ளக்குறிச்சி பிரிந்தபோது கோடு போட்டது வருவாய்த்துறை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருங்கல் பாறை இந்தப் பக்கமும் இருக்கிறது. அங்கே கரும்புக்கும் நெல்லுக்கும் போடும் யூரியாவை இங்கேயும் போடுகிறார்கள். அங்கே கண்டது இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்கிறோம்.

ஆனால் யாரும் கேட்கவில்லை. செய்தித்தாளில் ஒருநாள் வந்தது, மறுநாள் போயிற்று. கேட்டவர்களும் "விழுப்புரத்தில் எத்தனை விழுக்காடு?" என்பதோடு நின்றுவிட்டார்கள். விழுப்புரத்தில் எந்த ஒன்றியம், எந்த ஊராட்சி, அந்த ஊராட்சியில் ஊர்த்தெரு போரா, சேரி போரா என்று கேட்டவர்கள் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

முதலில் நைட்ரேட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. யூரியா முதலான உரங்களிலிருந்தும், மனித மலம், மாட்டுச் சாணம், சாக்கடை ஆகியவற்றிலிருந்தும் மண்ணுக்குள் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உப்புக்கும் கடினத்தன்மைக்கும் "வேறு நீர் கிடைக்காவிட்டால் இதுவரை போகலாம்" என்று இரண்டாவது வரம்பு உண்டு. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். உடம்பு நீலம் பாரிக்கும். தண்ணீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் அடர்த்தி இன்னும் கூடும். டேங்க் ஆபரேட்டர் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. "காய்ச்சிக் குடியுங்கள்" என்ற சுகாதாரத்துறையின் பழைய அறிவுரை கிருமிக்குச் சரி, இதற்கு உதவாது.

ஆகவே சோதித்தால்தான் தெரியும். சோதிப்பது யார், எங்கே, யாருக்காக என்பதில்தான் நம் சண்டை.

கணக்கில் நாம் எங்கே?

இந்தியாவில் ஏறக்குறைய 6,40,000 கிராமங்கள் உள்ளன. 15,259 இடங்களை அதில் வகுத்துப் பாருங்கள். 42 கிராமங்களுக்கு ஒரு மாதிரி. ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் தனி, சேரி தனி என்று நமக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு மாதிரி எத்தனை குடியிருப்புகளுக்காகப் பேச வேண்டியிருக்கிறது என்று நீங்களே கணக்கிடுங்கள்.

சமவெளியில், ஆற்று மணலில், ஓரிடத்து நீர் பக்கத்து இடத்து நீரைப் போலவே இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நம் பகுதியின் நிலவியல் அப்படி இல்லை. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து தென்பெண்ணை வரை பெரும்பாலும் கடினப் பாறை. நீர் பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்த பாறை அடுக்கிலும்தான் நிற்கிறது. ஓரிடத்தில் போர் போட்டால் நீர் பொங்கும், ஐம்பது அடி தள்ளிப் போட்டால் புழுதி பறக்கும். இது போர் வண்டிக்காரருக்கும் தெரியும், நீரோட்டம் பார்க்கத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கும் தெரியும். அளவு இப்படி மாறும் நிலத்தில் தரமும் அப்படித்தான் மாறும். ஊர்க் கோடியில் இருக்கும் ஒரு கிணற்றின் முடிவை வைத்து சேரி அடிபம்பு நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல அறிவியலில் இடமே இல்லை.

நீரின் அளவைப் பற்றிய கணக்கும் இப்படித்தான். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீட்டின் அலகாக முன்பு பிர்கா இருந்தது. ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கிறோம் என்று பார்ப்பார்கள். 70 வரை பாதுகாப்பானது, 90 வரை பாதி அபாயம், 100 வரை அபாயம், அதைத் தாண்டினால் மிகையாகச் சுரண்டப்பட்டது. இந்தக் கணக்கில் பாசனத்துக்கு எடுக்கும் நீரைக் கிணறுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கிக்கொள்கிறார்கள். நிலம் இருப்பவர் அந்தக் கணக்கில் கிணறாக இருக்கிறார். நிலமில்லாதவர் வெறும் பெருக்கல் தொகை. தலைக்கு இத்தனை லிட்டர் உண்மையில் வந்ததா, நடுச்சாமத்தில் குடம் வைத்துக் காத்திருந்து பாதிதான் கிடைத்ததா என்பது பெருக்கலில் தெரியாது.

மதிப்பீட்டு அலகின் சராசரி பாதுகாப்பானது என்று வரலாம். மாவட்டச் சராசரி வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் சராசரித் தண்ணீர் எந்தக் குழாயிலும் வருவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் தெருவில் இருக்கும் குழாயில், அந்தப் போரிலிருந்து வரும் நீரைத்தான் குடிக்கிறது.

பாறைக்குச் சாதி தெரியுமா?

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். நீர்வேதியியல் படிக்கும் மாணவர்களிடமிருந்தும் வரும், அதிகாரிகளிடமிருந்தும் வரும். "பாறைக்குச் சாதி தெரியுமா? நைட்ரேட் சாதி பார்த்தா இறங்குகிறது? எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவருகிறீர்களே!"

பாறைக்குத் தெரியாது. பாறையில் எங்கே துளை போடுவது, எவ்வளவு ஆழம் போடுவது, அதன் பக்கத்தில் எதைக் கட்டுவது என்று தீர்மானிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நிலம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்ள நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்பது அதன் நிலை. நிலம் யாரிடம், நீர் அவரிடம். நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று பஞ்சமி நில வரலாறு படித்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013இல் திரும்பப் பெறப்பட்டது. நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய 87 விழுக்காடு பாசனத்துக்குப் போகிறது. விவசாயிக்கு இலவச மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, சிறு விவசாயிகளில் நம் மக்களும் உண்டு. ஆனால் ஒரே நீர்த்தாங்கியில் ஒருவர் மோட்டாரால் இறைக்கிறார், மற்றவர் கையால் அடிக்கிறார். நம் தெருக்களில் நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு ஏறக்குறைய 150 அடி ஆழம் வரைதான் இழுக்கும். பக்கத்துக் கழனியில் போர் ஐந்நூறு அடிக்கு இறங்கும்போது அடிபம்பு வெறும் இரும்பாகிவிடுகிறது. மட்டம் இறங்கியதை முதலில் அறிவது அரசு நோக்குக் கிணறு கிடையாது, சேரிப் பெண்ணின் தோள்பட்டைதான்.

இரண்டாவது, மனை. ஆதிதிராவிடர் நலத்துறை கிராமத்தில் தரும் வீட்டுமனைப் பட்டா பெரும்பாலும் 3 சென்ட். 3 சென்ட் என்றால் ஏறக்குறைய 121 சதுர மீட்டர். சதுரமாக எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 11 மீட்டர். மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மீட்டரை எட்டாது. அந்த இடத்துக்குள் வீடு, மாடு கட்டும் இடம், துவைகல், 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கழிப்பறை, அதன் குழி, எல்லாம் இருந்தாக வேண்டும். பேரிடர் முகாம்களுக்கும் அகதி முகாம்களுக்கும் உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேடு, கழிப்பறைக் குழிக்கும் நிலத்தடி நீர் ஆதாரத்துக்கும் இடையில் பொதுவாக 30 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள பாறையில் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். வீடிழந்து கூடாரத்தில் தங்குபவருக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளியை, பட்டா வாங்கிச் சொந்த மண்ணில் வாழும் தலித் குடும்பத்துக்கு அரசின் மனை வரைபடமே மறுத்துவிடுகிறது. ஐம்பது வீடு, ஐம்பது குழி, நடுவில் ஒரு அடிபம்பு. நைட்ரேட்டுக்குச் சாதி தெரிய வேண்டிய அவசியமே இல்லை, வரைபடம் போட்டவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

கழிப்பறை வேண்டாம் என்று இதை யாரும் திரிக்க வேண்டாம். கழிப்பறை கேட்டுப் போராடியவர்களே நாம்தான். குழி எங்கே, எத்தனை அடி, நீர் ஆதாரம் எங்கே என்று பார்க்காமல், எண்ணிக்கை காட்ட மட்டும் கட்டியதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

மூன்றாவது, இருப்பிடம். ஊரின் தாழ்ந்த பக்கம், வாய்க்கால் வடியும் பக்கம், சுடுகாட்டுப் பக்கம் என்று சேரிக்கு ஒதுக்கிய இடங்களை நீங்கள் உங்கள் கிராமத்திலேயே பார்க்கலாம். ஊரின் கழிவுநீர் எந்தத் திசையில் வடிகிறது என்று மழைநாளில் ஒருமுறை நின்று பாருங்கள். அது வந்து தேங்கும் இடத்தில் யார் வீடு இருக்கிறது என்றும் பாருங்கள்.

"ஊர்த்தெருவிலும் நைட்ரேட் இருக்கிறதே, இது எல்லாருக்குமான பிரச்சினைதானே?" என்பார்கள். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். யூரியா போட்ட கழனிக்கு நடுவில் இருக்கும் கிணற்றில் கட்டாயம் இருக்கும். ஆனால் அங்கிருந்து தப்பிக்க வழிகள் உண்டு. சொந்தமாக இன்னொரு போர் போடலாம், ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாம், தினமும் கேன் தண்ணீர் இறக்கலாம். நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது ஏறும் என்று வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் அதில் எதைச் செய்யும்? இன்னொன்றும் உண்டு. கழனியில் உரம் போட்டதன் விளைச்சல் நில உடைமையாளருக்கு. அந்தக் கழனியில் களையெடுக்கும்போது அதே கிணற்று நீரைக் குடிப்பது கூலிக்குப் போகும் பெண். எல்லாருக்கும் பிரச்சினை என்பது உண்மைதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்பது அதைவிட முழுமையான உண்மை. அளந்து காட்டச் சொல்வது இந்த இரண்டாவதை.

அளந்த இடத்துக்குத்தான் திட்டம் வரும்

அளப்பதால் என்ன ஆகும் என்று சோர்ந்துபோகும் தோழர்களுக்கு இரண்டு இடங்களை நினைவூட்டுகிறோம்.

ஒன்று, தருமபுரி, கிருஷ்ணகிரி. அங்கே பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கூடி, பற்களைக் கறையாக்கி, எலும்புகளை வளைத்தது. அதைக் கிராமம் கிராமமாக அளந்து காட்டிய பிறகுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்று திட்டத்தின் பெயரிலேயே நோய் ஏறியது. 2013இல் காவிரி நீர் அந்த மாவட்டங்களுக்குக் குழாயில் வந்தது. எண்கள் மேசைமேல் இருந்ததால் அரசால் மறுக்க முடியவில்லை.

இன்னொன்று, அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. மக்கள் பழுப்பு நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். நீர் தரமானது என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்த 71 மாதிரிகளில் இரண்டை நீக்கியதும் கணக்கு சட்ட வரம்புக்குள் வந்துவிட்டது. எந்த மாதிரி கணக்கில் சேரும், எது சேராது என்று முடிவு செய்யும் அந்த ஒற்றை அதிகாரம் ஒரு நகரத்துக் குழந்தைகளின் மூளையைப் பணயம் வைத்தது. 2015இல் அந்த மக்களே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து வீடு வீடாக 250க்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்தார்கள். ஒரு குழந்தைநல மருத்துவர் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த ஈய அளவை வெளியிட்டார். பொய் நிற்கவில்லை. 2017இல் அந்த மாநிலத்தின் குடிமை உரிமை ஆணையமே, இதன் வேரில் இருப்பது அமைப்புமயமான இனவெறி என்று எழுதியது. ஃபிளின்டில் ஈயத்துக்கும் இனம் தெரியாது.

இங்கேயும் சாதிவாரியாகக் கணக்கெடுத்த இடத்தில் உண்மை வெளிவந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வளாகத்துக்குள்ளேயே குடிநீர் உள்ள குடும்பங்கள் நாட்டில் ஏறக்குறைய 47 விழுக்காடு. பட்டியலினக் குடும்பங்களில் 35தான். தூரத்தைச் சாதிவாரியாக எண்ணினார்கள், அதனால் பாகுபாடு எண்ணாகத் தெரிந்தது. தரத்தை மட்டும் ஏன் எண்ணக்கூடாது? ஒருங்கிணைந்த விழுப்புரம் மாவட்டத்தில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் பட்டியலினத்தார். அவர்கள் குடிக்கும் நீரின் தரம் நிலத்தடி நீர் அறிக்கைகளில் தனி வரியாகக்கூட இல்லை.

வேங்கைவயலுக்கு வந்த அறிவியல்

அறிவியல் நம் சேரிக்கு வந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். வேங்கைவயலுக்கு வந்தது.

2022 டிசம்பர் 26 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போன பிறகு, தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டதால்தான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். அதற்கு முன் அந்தத் தொட்டி நீரைச் சோதித்து அந்த மக்களிடம் முடிவைச் சொன்னது யார்? பிறகு எல்லாம் வந்தது. தடயவியல் வந்தது, மரபணுச் சோதனை வந்தது. அந்த நீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டார்கள். எங்களைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறீர்கள் என்று பலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் இருந்த மூன்று பேரும் அதே தலித் மக்களைச் சேர்ந்தவர்கள். அம்மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தார்கள்.

குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நாம் கேட்பது வேறு. ஒரு சின்னஞ்சிறு குடியிருப்பின் தண்ணீரையும் ரத்தத்தையும் அணு அணுவாகப் பகுத்துப் பார்க்கும் ஆற்றல் இந்த அரசுக்கு இருக்கிறது என்று வேங்கைவயல் நிரூபித்துவிட்டது. ஆற்றல் இருந்தும், குற்றம் நடக்கும் வரை அது சேரிப் பக்கம் வருவதில்லை. வந்தாலும் சந்தேகத்தோடு வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் நீர் ஆதாரத்தை அசுத்தப்படுத்துவதைக் குற்றம் என்கிறது, அது நாம் போராடிப் பெற்றது. ஒரு கை தூக்கிப் போட்ட மலம் வன்கொடுமை. மனை வரைபடத்தின் தவறால் ஆண்டுக்கணக்கில் குழியிலிருந்து கசிந்து அடிபம்புக்கு வரும் அதே மலம், அறிக்கையில் வெறும் 'நைட்ரேட், மில்லிகிராம்' என்றாகிவிடுகிறது. அதற்குக் குற்றவாளி கிடையாது, வழக்கும் கிடையாது.

சுத்தம் பற்றிய இந்தச் சமூகத்தின் அறிவு எப்படிப்பட்டது என்பதற்கு மகாத் சாட்சி. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவுதார் குளத்தில் நீர் எடுத்துக் குடித்தார்கள். குளம் தீட்டுப்பட்டது என்று சொல்லி, சாதி இந்துக்கள் 108 பானைகளில் குளத்து நீரை எடுத்து, அதில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து மறுபடி குளத்திலேயே ஊற்றி அதைப் 'புனிதப்படுத்தினார்கள்'. எந்த நீர்ச் சோதனைக் கூடத்தில் கேட்டாலும் சொல்வார்கள், அன்று குளத்தை அசுத்தப்படுத்தியது யார் என்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1924இல், பொதுக் கிணறும் குளமும் சாலையும் நம் மக்களுக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தத் தீர்மானத்துக்கு நூறு ஆண்டு நிறைந்த 2024இல்தான் நைட்ரேட் அறிக்கை வந்தது. அன்று கிணற்றை அணுக விடவில்லை. இன்று நமக்கென்று தனிப் போர், தனித் தொட்டி கட்டித் தந்துவிட்டு, அதில் என்ன வருகிறது என்று நமக்குச் சொல்வதில்லை.

பெயரை நீக்கினார்கள், சரி

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகப் பயன்பட்ட சொல் போவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர்ப்பலகை மாறும்போது, எந்தக் குடியிருப்புக்கு எது கிடைக்கவில்லை என்று ஒப்பிட்டுக் காட்டும் வழியும் சேர்ந்து மறைந்துவிடக்கூடாது. தெருவுக்குப் பூவின் பெயர் வைக்கலாம். அந்தத் தெருவின் போர் நீர் எப்படி இருக்கிறது என்ற பதிவேட்டில், இது பட்டியலினக் குடியிருப்பு என்ற குறிப்பு இருந்தே ஆக வேண்டும். இழிவுக்காகச் சாதியைக் குறிப்பதும், இழிவை நிரூபிக்கச் சாதியைக் குறிப்பதும் ஒன்றாகாது. குழாய் இணைப்பு எத்தனை கொடுத்தோம் என்று பெருமை பேசப் பட்டியலினக் குடியிருப்புக் கணக்கை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, தரத்துக்கு அதே கணக்கை எடுப்பது கடினமில்லை.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

நம் கோரிக்கைகள் எளியவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் குடிநீருக்குப் பயன்படும் ஒவ்வொரு போரையும், அடிபம்பையும், தொட்டியையும் குடியிருப்புவாரியாகச் சோதித்து வெளியிட வேண்டும். ஊர், சேரி, மலைக்கிராமம் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களின் ஊற்றுகளும் இதில் சேர வேண்டும். முடிவைத் தொட்டியின் சுவரிலேயே தமிழில் எழுத வேண்டும்: தேதி, நைட்ரேட் அளவு, குடிக்கலாமா கூடாதா. வரம்பு தாண்டிய இடத்துக்கு உடனே மாற்று நீர் வேண்டும். புதிதாக மனைப் பட்டா தரும் இடங்களில் கழிவுக் குழிக்கும் நீர் ஆதாரத்துக்கும் உள்ள தூரத்தை வரைபடத்திலேயே உறுதி செய்ய வேண்டும்.

இவற்றில் பாதி ஏற்கெனவே விதியில் இருப்பவை. ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு குடிநீர் ஆதாரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனையும் இருமுறை கிருமிச் சோதனையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்த ஐந்து பெண்கள் யார்? அவர்களில் நம் தெருப் பெண் எத்தனை பேர்? பெட்டி எங்கே இருக்கிறது? மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும் நாள். அன்று இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. உங்களில் வேதியியலும் நிலவியலும் புவியியலும் படிப்பவர்கள் பலர். அரசு நோக்குக் கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. அந்தப் புள்ளிகளைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். கிணறு ஊர்ப் பக்கமா, சேரிப் பக்கமா, கோயில் நிலத்திலா, அந்த நீரை எடுக்க நம்மை விடுவார்களா என்று எழுதுங்கள். நம் ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல் போட்டாலே அது யாரும் இதுவரை கேட்காத ஓர் ஆய்வுக் கேள்விக்கு விடையாகும்.

திட்டக் கட்டுரைக்காக நீர் மாதிரி எடுப்பவர்கள் முறையாக எடுங்கள். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து மறுநாளுக்குள் சோதனைக் கூடம் சேருங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுங்கள். அடிபம்பின் ஆழம், அருகிலுள்ள குழிக்கு எத்தனை அடி, எத்தனை குடும்பங்கள் குடிக்கின்றன, குடியிருப்பு எது என்று எழுதுங்கள். சேரியில் ஒன்று எடுத்தால் அதே நாளில் ஊரிலும் ஒன்று எடுங்கள், ஒப்பீடு இல்லாமல் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது. ஊர் நீரும் மோசம் என்று வந்தால் அதையும் மறைக்காமல் வெளியிடுங்கள். நமக்கு உண்மை போதும். குடும்பங்களின் பெயரை மட்டும் எங்கும் போடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முடிவைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நாங்கள் வேலை செய்யும் தெருக்களில் பெண்கள் சொல்வது இதைத்தான். யாரோ வருகிறார்கள், பாட்டிலில் பிடிக்கிறார்கள், பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்கள் பட்டம் வாங்கினார்களா, அறிக்கை எழுதினார்களா, ஒன்றும் தெரியாது. பருப்பு வேகாத தண்ணீர், குடத்தில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் என்று அவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறதா என்று அவர்களிடம் யாரும் திரும்ப வந்து சொல்லவில்லை. நம் மக்களை மாதிரி எடுக்கும் இடமாக மட்டும் வைத்திருக்கும் ஆய்வு, நல்ல இதழில் வந்தாலும் சுரண்டல்தான். ஒரு தாளில் எண்ணை எழுதி, அதன் பொருளைத் தெருவில் உட்கார்ந்து விளக்கிவிட்டு வாருங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் எழுந்து நிற்பவர் அந்தத் தெருப் பெண்ணாகவே இருக்கட்டும்.